தொட்டில் டிரைவரின் வலது கால்

ஒரு டிரைவரின் குணம் அவர் பிரேக் போடுவதில் தெரிந்துவிடும் என்பது என் கட்சி. இத்தனை வருஷக் கண்டக்டர் வேலையில் நான் பார்க்காத பிரேக் இல்லை. சிலர் கன்னத்தில் அறைகிற மாதிரி போடுவார்கள். பின்சீட்டுக்காரர் முன்சீட்டுக்காரரோடு உறவு கொண்டாட வேண்டியதுதான். சிலர் போடலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து, ஸ்டாப்பைத் தாண்டிப் போய் நிறுத்துவார்கள். அப்புறம் இறங்குகிறவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது யார்? நான்தான்.

எங்கள் தொட்டில் டிரைவர் அந்த ரகமே இல்லை. அவர் வண்டி நின்றுவிட்டது என்பது, ஜன்னலுக்கு வெளியே கடைகள் நகராமல் இருப்பதைப் பார்த்தால்தான் தெரியும். அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, முன்னால் வந்த வண்டியை விட்டுவிட்டு எங்கள் வண்டிக்காகக் காத்திருக்கிற தாய்மார்கள் உண்டு. இரண்டு ஸ்டாப் தாண்டுவதற்குள் பிள்ளை தூங்கிப்போகும். அந்தப் பெயர் அப்படி வந்ததுதான். கூட்ட நேரத்தில் ஒரு கையில் டிக்கெட் மிஷினும் மறு கையில் சில்லறையுமாக, கம்பியைப் பிடிக்காமல் வண்டிக்கு நடுவில் நின்று வேலை பார்த்த கண்டக்டர் எங்கள் டிப்போவிலேயே நான் ஒருத்திதான். அதைப் பார்த்து வயிறெரிந்தவர்கள் நிறைய.

ஆள் நல்ல உயரம். தொப்பை ஸ்டியரிங்கை உரசிக்கொண்டே இருக்கும். "அதுவும் சேந்துதான் ஓட்டுது" என்பார். தன்னடக்கம் என்ற சாமானே அவரிடம் கிடையாது. வலது தொடையைத் தட்டிக் காட்டி, இந்தக் காலுக்கு மட்டும் தனியாக ஒரு மூளை இருக்கிறது, கண் பார்ப்பதற்கு முன்னால் இது பார்த்துவிடும் என்று பெருமை அடித்துக்கொள்வார். என்னை அவர் கூப்பிடுவது 'விசிலு' என்று. கண்டக்டர் என்பதற்காக வைத்த பெயர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வாய் ஓயாது என்பதற்காக வைத்தது என்று அவர் மனைவி, எனக்கு அண்ணி, பின்னால் போட்டுக் கொடுத்தார். உண்மைதானே, நான் என்ன மறுக்கவா போகிறேன்.

காலையில் டிப்போவுக்கு வந்ததும் அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். எல்லா டிரைவரும் சுற்றத்தான் வேண்டும், அது விதி. மற்றவர்கள் சுற்றுவது, மாமியார் வீட்டில் நலம் விசாரிக்கிற மாதிரி. இவர் அப்படிச் சுற்ற மாட்டார். ஒரு மரக்கட்டையால் ஒவ்வொரு டயரையும் தட்டிச் சத்தம் கேட்பார். தட்டிவிட்டுக் குனிந்து உள்பக்கமும் பார்ப்பார். விளக்கைப் போட்டுவிட்டு முன்னால் போய் நின்று பார்ப்பார். வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று மண்டி போட்டுப் பார்ப்பார். ஏதாவது ஒன்று சரியில்லை என்றால், டிப்போ மேனேஜர் தலைகீழாக நின்றாலும் வண்டி நகராது. பழுதான வண்டியை எடுக்கிறவன் டிரைவர் இல்லை, அவன் பெயர் வேறு என்பார். என்ன பெயர் என்று நான் இங்கே எழுத முடியாது.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் ஆரம்பிக்கிறபோது டிப்போவில் வழக்கமான கூத்துதான். எங்கள் ஆட்களில் ஒருவர் சிகரெட்டை விட்டார், ஒருவர் கறியை விட்டார், ஒருவர் டீயை விட்டுவிட்டு எல்லாரிடமும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். அந்த மனுஷன் டீயைக் குடித்துவிட்டுக் கோபத்தை விட்டிருந்தால் ஆண்டவருக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி. நான் என்ன விட்டேன் என்று கேட்காதீர்கள். லீவு கிடைத்த ஞாயிறுக்குப் பூசைக்குப் போகிறவள் நான், அவ்வளவுதான்.

தொட்டிலண்ணனிடம் விடுவதற்கு ஒன்றும் இல்லை. சர்க்கரை வியாதி வந்ததிலிருந்து டாக்டர் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டுவிட்டார். "எனக்கு வருஷம் பூராவும் தவக்காலந்தான்" என்று சிரிப்பார். ஆனால் தவக்காலம் தொடங்கின சாம்பல் புதனன்று கோயிலில் ஃபாதர் சொன்ன ஒரு விஷயம் அவர் மனசில் ஒட்டிக்கொண்டது. எப்போது பார்த்தாலும் உடம்பை அடக்கவே பார்க்கிறீர்களே, இந்தத் தவக்காலத்தில் உடம்பைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள், அது உங்கள் சொத்து இல்லை, ஒரு நாள் திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள் என்றாராம் ஃபாதர். நெற்றிச் சாம்பலோடு டூட்டிக்கு வந்த அண்ணன், டயரைத் தட்டி முடித்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொன்னார்.

"வண்டி டிப்போவோடது. உடம்பு ஆண்டவரோடது. ரெண்டுக்கும் நான் டிரைவர்தான் விசிலு, ஓனர் இல்ல. வண்டிய மட்டும் தினம் செக் பண்றேன், உடம்பப் பண்ணலியே."

அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார். வண்டியைச் சுற்றி வந்த பிறகு, சாவியைப் போடுவதற்கு முன்னால், கண்ணை மூடிக்கொண்டு உடம்பை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். கண்ணிமைமேல் விரலை வைத்து, ஆண்டவரே, இது நேற்று நன்றாகப் பார்த்தது, இன்றைக்கும் பார்க்கட்டும் என்பார். அடுத்தது காது. அடுத்தது வாய். "இந்த வாய் நேத்து ஒரு லாரிக்காரனப் பேசிடுச்சு ஆண்டவரே. அவன் மேலயும் தப்பு இருந்துச்சு, அத நீரும் பாத்தீர்" என்று ஒரு நாள் அவர் சொன்னபோது, நான் சிரிப்பை அடக்க முடியாமல் கீழே இறங்கி ஓடினேன். தோள், கை, நெஞ்சு, வயிறு, முட்டி என்று கீழே வந்து கடைசியில் கால். வலது காலுக்கு மட்டும் நன்றி நீண்டுகொண்டே போகும். குனிந்து ஷூவின்மேல் கையை வைத்து, மூடிய கண்ணோடு, அது ஏற்றி இறக்கின ஜனங்களுக்காகவெல்லாம் செபம் சொல்வார்.

முதலில் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். பிறகு இன்ஜின் மூடிமேல் உட்கார்ந்து நானும் கண்ணை மூட ஆரம்பித்தேன். பை வார் அறுத்து அறுத்துத் தோளில் ஒரு தழும்பு இருக்கிறது எனக்கு. கூட்டத்தில் நசுங்கி நசுங்கி ஒரு இடுப்பு இருக்கிறது. அதையெல்லாம் ஒரு பொருட்டாக அதுவரை நினைத்ததே இல்லை. ஒரு நாள் தோளைத் தொட்டு, நீயும் பாவம்தான் என்று சொன்னேன். செபம் என்றால் கேட்பது என்று நினைத்திருந்தவள் நான். விசாரிப்பதும் செபம்தான் என்று அந்த நாட்களில் தெரிந்துகொண்டேன்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த போதுதான் ஒரு நாள் வண்டி குலுங்கியது.

சாதாரண ஸ்டாப்தான், ரோட்டில் ஒன்றும் குறுக்கே வரவில்லை. நான் கம்பியைப் பிடிக்காமல் நின்றிருந்தேன், பழக்க தோஷம். ஒரு ஆசாமியின் மடியில் போய் உட்கார்ந்தேன். தூங்கிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை வீல் என்று கத்தியது. எங்கள் வண்டியில் பிள்ளை விழித்துக்கொண்டு அழுவது அதுதான் முதல் தடவை. வண்டி மொத்தமும் டிரைவரைத் திரும்பிப் பார்த்தது. அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. பிரேக் பிடித்துக்கொள்கிறது என்றார்.

வொர்க்‌ஷாப்பில் மெக்கானிக் இருக்கிறார், எல்லாரும் 'போல்ட்டு' என்று கூப்பிடுவோம். அவர் பிரேக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு, புதுப் பெண் மாதிரி இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாளும் குலுங்கியது. அண்ணன் வேறு வண்டி கேட்டு வாங்கினார். அந்த வண்டியும் குலுங்கியது. நான் கம்பியைப் பிடித்துக்கொள்ளப் பழகினேன். தாய்மார்கள் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். காலையில் ஷூவின்மேல் கையை வைத்துச் சொல்கிற செபம் இன்னும் நீளமாகிக்கொண்டே போனது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிற சுபாவம். ஆனால் இதைக் கேட்க வாய் வரவில்லை. வயசாகிறது, கவனம் சிதறுகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? அவரிடமா? அந்தக் காலைத் தவிர அந்த மனுஷனுக்கு வேறு என்ன கிரீடம் இருந்தது?

அது ஒரு வெள்ளிக்கிழமை. வண்டி கடைசி ஸ்டாப்புக்குப் போய், திரும்புவதற்காக நின்றிருந்தது. ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள், பாதி வண்டி நிரம்பிவிட்டது. அண்ணன் எதிர்க்கடையில் சர்க்கரையில்லாத டீயைக் குடித்துவிட்டு சிமென்ட் தரையில் நடந்து வந்தார். ஒவ்வொரு அடிக்கும் 'டிக்' என்று ஒரு சத்தம். இரும்பு தரையில் படுகிற சத்தம். வலது கால் ஊன்றும்போது மட்டும் வந்தது.

ஷூவில் என்னவோ குத்தியிருக்கிறது, தூக்கிக் காட்டுங்கள் என்றேன். ஷெல்டரின் பெஞ்சில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே காலைத் தூக்கினார். ஷூவின் அடியில் ஒரு திருகாணியின் தலை, தேய்ந்து பளபளவென்று இருந்தது. தேய்ந்திருந்ததைப் பார்த்தால் அன்றைக்குக் குத்தினது மாதிரித் தெரியவில்லை. பிடித்து இழுத்தேன். வரவில்லை. ஷூவைக் கழற்றச் சொன்னேன். கழற்றினார், திருகாணியின் கூர் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. காலுறை அடியில் ஈரமாக, கறுப்பாக இருந்தது. அதை உருவினபோது அடித்த வாடையில் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, ஒரு குழி. அண்ணன் குனிந்து பார்க்க முயன்றார், தொப்பை விடவில்லை. என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று என்னைக் கேட்டார். வலிக்கவில்லையா என்று கேட்டேன். எதற்கு வலிக்க வேண்டும் என்று கேட்டார்.

பையிலிருந்து பேனாவை எடுத்தேன். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், நான் எந்த விரலைத் தொடுகிறேன் என்று சொல்லுங்கள் என்றேன். விளையாட்டுப் பிள்ளை மாதிரி மூடிக்கொண்டார். பெருவிரலில் பேனாவை வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த விரலில் வைத்தேன். கொஞ்சம் அழுத்தினேன். இன்னும் அழுத்தினேன்.

"சீக்கிரம் தொடு விசிலு, டைம் ஆகுது" என்றார்.

அப்போதுதான் என் கோபம் வந்தது. கண்ணீரும் சேர்ந்துதான் வந்தது, இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. 

"அண்ணே, கண்ணத் திறங்க. பேனா எங்க இருக்குன்னு பாருங்க. தினம் காலையில இந்தக் கால செக் பண்றேன் செக் பண்றேன்னு ஷூ மேல கைய வச்சிட்டு உக்காந்திருந்தீங்களே. வண்டிய இப்படித்தான் கண்ண மூடிக்கிட்டு செக் பண்ணுவீங்களா?"

அவர் பார்த்தார். பேனா முனை விரலில் பதிந்து வெள்ளையாக ஒரு பள்ளம். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். செபம் என்றால் கண்ணை மூட வேண்டும் என்று பிறந்ததிலிருந்து பழகின பழக்கம் எங்களுக்கு. சாப்பாட்டுக்கு முன்னால் மூடுவோம், படுக்கும் முன்னால் மூடுவோம். உடம்பைக் கவனியுங்கள் என்று ஃபாதர் சொன்னதற்கும் மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தோம், நானும் சேர்த்துத்தான்.

வண்டியிலிருந்து ஆட்கள் சத்தம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணன் மடமடவென்று காலுறையையும் ஷூவையும் மாட்டிக்கொண்டு எழுந்தார். இந்த ஒரு டிரிப்தான், வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றார். இத்தனை வருஷம் ஓட்டின ரோடு, கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிவிடுவேன் என்றார்.

"அதத்தாண்ணே நானும் சொல்றேன்" என்றேன்.

காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏறி உட்கார்ந்து இன்ஜினை உயிர்ப்பித்தார். நான் படிக்கட்டில் நின்றுகொண்டேன். எங்கள் வேலையில் ஒரு ஒழுங்கு இருக்கிறது, கண்டக்டர் விசில் கொடுக்காமல் வண்டி நகராது. எப்பேர்ப்பட்ட டிரைவராக இருந்தாலும் நகராது. விசில் என் கைக்குள் இருந்தது. நான் அதை வாயில் வைக்கவில்லை.

கண்ணாடியில் அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வண்டிக்குள் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். என்னம்மா தூங்குகிறாயா என்று ஒருவர், புருஷனோடு சண்டையா என்று இன்னொருவர். வழக்கமாக அந்தப் பேச்சுக்கு நான் கொடுக்கிற பதில் வேறு. அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது சீட்டில் ஒரு பெண் கைப்பிள்ளையோடு இருந்தாள், பிள்ளை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அண்ணனின் கண் கண்ணாடியில் என்னை விட்டு நகர்ந்து அங்கே போய் நின்றது.

இன்ஜின் நின்றது.

அவர் சாவியை உருவவில்லை. குனிந்து மறுபடியும் ஷூவைக் கழற்றினார், காலுறையையும் உருவினார். அவ்வளவு பெரிய தொப்பையை மடித்துக்கொண்டு, காலை இரண்டு கையாலும் பிடித்து, இடது முட்டிமேல் தூக்கி வைத்துத் திருப்பினார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. உதடு அசைந்தது, என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அது எனக்குச் சொன்னது இல்லை. வண்டிக்குள் சத்தம் தானாக அடங்கியது.

பிறகு சாவியை எடுத்துக்கொண்டு, ஒரு கால் வெறுங்காலாக, ஆட்களைப் பார்த்துத் திரும்பி நின்றார். வண்டி பழுதாகிவிட்டால் டிரைவர்தான் எழுந்து சொல்ல வேண்டும் என்பது அவர் வைத்திருந்த மரியாதை. கண்டக்டரைத் திட்டு வாங்க விட மாட்டார்.

"மன்னிக்கணும். வண்டி நல்லா இருக்கு. டிரைவர்தான் பிரேக்டவுன். எல்லாரும் அடுத்த வண்டியில ஏறிக்குங்க, டிக்கெட் செல்லும்."

இறங்குகிறபோது ஒவ்வொருவரும் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே இறங்கினார்கள். பிள்ளைக்காரி கடைசியாக இறங்கினாள், படிக்கட்டில் நின்று, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். "அதத்தாம்மா இவ்வளவு நாள் பாக்கல" என்றார் அண்ணன். சாவியை என் கையில் வைத்தார்.

இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுத்திருப்போம் என்றார் டாக்டர். இரண்டு விரல் போனது, கால் தங்கியது. ஆனால் சர்க்கரை வியாதியால் காலில் போன உணர்ச்சி திரும்பாது, பெரிய வண்டி இனிமேல் இல்லை என்றும் சொல்லிவிட்டார். டிப்போவில் காலையில் வெளியே போகிற வண்டிகளைச் சோதிக்கிற வேலை கொடுப்பதாக மேனேஜரே அண்ணன் வீட்டுக்கு வந்து சொன்னார். அதுதான் சரியான தண்டனை, இனிமேல் ஒரு டிரைவரும் சும்மா சுற்றிவிட்டுப் போக முடியாது என்றேன் நான்.

தவக்காலத்தின் மிச்ச நாட்களில் அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஒரே காட்சிதான். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டியிருப்பார், அண்ணி ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியை உள்ளங்காலுக்குக் கீழே பிடித்திருப்பார். கட்டை அவிழ்த்து, புண்ணைத் துடைத்து, விரலிடுக்கு ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். அதுதான் அவர்கள் செபம். கல்யாணமான நாளிலிருந்து என் முகத்தைக்கூட இந்த மனுஷன் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை என்று அண்ணி சலித்துக்கொள்வார். உன் முகத்தில் திருகாணி ஏறினால் பார்க்கிறேன் என்பார் அண்ணன். அண்ணி கண்ணாடியால் ஒரு போடு போடுவார். அப்புறம் இரண்டு பேரும் ஆமென் சொல்வார்கள்.

ஈஸ்டர் காலையில் எனக்கு டூட்டி. புது டிரைவர், கன்னத்தில் அறைகிற ரகம். கோயில் போகிற வழியில் ஒரு ஸ்டாப்பில் அண்ணனும் அண்ணியும் ஏறினார்கள். அண்ணன் கையில் ஊன்றுகோல், வலது காலில் கட்டு, அதன்மேல் அகலமான செருப்பு. எங்கள் வண்டியில் அவர் பிரயாணியாக ஏறி நான் பார்த்ததே இல்லை. டிரைவருக்கு நேர் பின் சீட்டில் உட்கார்ந்தார். டிக்கெட் வேண்டாம் என்றேன், கேட்காமல் வாங்கினார். அழுகிறாரோ என்று பயந்து முகத்தைப் பார்த்தேன். அந்த ஆளாவது அழுவதாவது, ஜன்னல் வழியாக ரோட்டை அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஸ்டாப் நெருங்கியது. புது டிரைவர் இன்னும் பிரேக்கைத் தொடவில்லை. நான் தற்செயலாகக் கீழே பார்த்தேன். கட்டுப் போட்ட வலது கால் தரைத் தகட்டை மெதுவாக அழுத்திக்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு பிள்ளையும் விழிக்காத மாதிரி. அழுத்தி முடிந்து சற்றுக் கழித்துத்தான் டிரைவர் பிரேக்கில் அறைந்தார், வண்டி மொத்தமும் முன்னால் போய்ப் பின்னால் வந்தது. அடுத்த ஸ்டாப்பிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும் அப்படித்தான். அண்ணன் பாட்டுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கால் வேலை செய்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியவே இல்லை.

"அண்ணே, கீழ பாருங்க" என்றேன்.

குனிந்து பார்த்தார். ஸ்டாப் வந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கால் தரையை அழுத்தியது. அண்ணியும் பார்த்தார். எனக்குக் கண் மறைத்தது, நான் துடைத்துக்கொள்ளவில்லை.

"பாத்தியா விசிலு," என்றார் அண்ணன். "இவன் இன்னும் டூட்டியிலதான் இருக்கான்."

ஊன்றுகோலை அண்ணியிடம் கொடுத்துவிட்டு, குனிந்து கட்டின்மேல் இரண்டு கையையும் வைத்து, கண்ணை அகலத் திறந்தபடி அதற்கு நன்றி சொன்னார். ஆட்கள் இறங்கி முடித்துவிட்டார்கள். அவர் சொல்லி முடிக்கிறவரைக்கும் காத்திருந்து விசில் கொடுத்தேன்.